முதல் நான்கு வரிசைகள்: எங்கள் போதகருக்கும் சபைக் கமிட்டிக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர் அவர்களுக்கும், சபைக் கமிட்டி உறுப்பினர்களுக்கும்,

ஆலய அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் தீர்மானத்தைப் படித்தேன். கட்டட நிதிக்குப் பெருந்தொகை அளித்த குடும்பங்களுக்கு ஞாயிறு ஆராதனையில் முதல் நான்கு வரிசைகள் நிரந்தரமாக ஒதுக்கப்படும். நாற்காலியின் முதுகில் குடும்பப் பெயர் எழுதிய அட்டை இருக்கும். மற்றவர்கள் ஒத்துழைப்புத் தர வேண்டும். தீர்மானத்தின் தலைப்பில் வழக்கம்போல் ஒரு வேதவசனம் அச்சாகியிருந்தது. அதை யாக்கோபு நிருபத்திலிருந்து எடுக்காமல் தவிர்த்த உங்கள் எச்சரிக்கையைக் கவனித்தேன்.

இதைத் தனியாக வந்து சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னேன். கமிட்டிச் செயலரிடம் எழுதியும் கொடுத்தேன். ‘ஜெபிப்போம்’ என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு பெயர் அட்டைகள் அச்சாகி வந்தன. அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபையின் யாக்கோபினிடத்திலிருந்து யூதரான சிலர் வந்ததும் பந்தியைவிட்டு விலகிக்கொண்டார். பவுல் அவரை ஓரமாக அழைத்துப் போய்ப் பேசவில்லை. எல்லாருக்கும் முன்பாகக் கேட்டார். சபையார் அத்தனை பேர் கண்ணெதிரே நடக்கிற பாகுபாட்டைப் பற்றிய பேச்சும் அவர்கள் காதுபடவே நடப்பதுதான் முறை என்று நினைக்கிறேன்.

தீர்மானம் நடைமுறைக்கு வந்த முதல் ஞாயிறன்று நடந்ததைப் பீடத்திலிருந்த உங்களால் பார்த்திருக்க முடியாது. மூன்றாம் வரிசையில், நடைபாதையை ஒட்டிய நாற்காலியில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமைதோறும் ஆலயத்தைக் கூட்டித் துடைக்கிறவர் அவர். காது மந்தம் என்பதால் பல காலமாக அங்கேதான் உட்காருவார். இரண்டாம் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய தம்பி ஒருவன் குனிந்து அவரிடம் ஏதோ சொன்னான். அவருக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொன்னான், அப்போதும் விளங்கவில்லை. அவன் குரலை உயர்த்தவும் பாட்டு முடியவும் சரியாக இருந்தது. “இது உங்கள் இடம் இல்லை, பாட்டி” என்பது பாடகர் குழுவரை கேட்டது. அவர் வேதப்புத்தகத்தையும் பாட்டுப்புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் கூட்டைத் தேடினார். அது நாற்காலிக்கு அடியில் கிடந்தது. அந்தத் தம்பியே எடுத்துக் கொடுத்தான். அவன் முகம் சிவந்திருந்தது. அவன்மேல் எனக்குக் கோபமில்லை, அவன் உங்கள் தீர்மானத்தை நிறைவேற்றினான், அவ்வளவுதான். பின்வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டது. மூன்றாம் வரிசை நாற்காலி ஆசீர்வாதம் கூறப்படும்வரை காலியாகவே இருந்தது. அட்டையில் பெயர் இருந்த குடும்பம் அன்று ஆராதனைக்கு வரவில்லை.

பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் தரித்தவன் ஒருவன், கந்தையான வஸ்திரம் தரித்த தரித்திரன் ஒருவன், இருவரும் ஆலயத்துக்குள் வருகிற காட்சியை யாக்கோபு எழுதியிருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த அதிகாரத்தைப் பிரசங்கித்தும் இருக்கிறீர்கள். அதில் ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். அந்தத் தரித்திரனை யாரும் வெளியே துரத்தவில்லை. திட்டவும் இல்லை. அவனுக்கும் ஓர் இடம் காட்டினார்கள்: அங்கே நில், அல்லது என் பாதபடியண்டையிலே உட்கார். இதைத்தான் யாக்கோபு ‘பட்சபாதமுள்ளவர்களாயிருப்பீர்களானால், பாவஞ்செய்து’ என்று பெயர் சொல்லிக் குறிக்கிறார். அடுத்த இரண்டு வசனங்களுக்குள் விபசாரத்தையும் கொலையையும் இழுத்து வந்து, ஒன்றில் தவறினவன் எல்லாவற்றிலும் குற்றவாளி என்கிறார். ‘எல்லாருக்கும்தான் நாற்காலி இருக்கிறதே, எங்கே உட்கார்ந்தால் என்ன?’ என்று செயலர் என்னிடம் கேட்டார். இருக்கை கிடைத்ததா என்பதோடு யாக்கோபு நிறுத்திக்கொள்ளவில்லையே, ஐயா.

இந்தத் தீர்மானம் ஒரே இரவில் முளைக்கவும் இல்லை. நெடுநாளாக நடந்து வருவதை இப்போது காகிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், அவ்வளவே. ஒரே மாதத்தில் இரண்டு அடக்க ஆராதனைகள் நடந்தன. ஒன்றில் மூன்று போதகர்கள், முழுப் பாடகர் குழு, வாழ்க்கைக் குறிப்பு அச்சிட்ட தாள், ஆலயமணி. மற்றொன்றில் உதவிப் போதகர் மட்டும் வந்தார். பாட்டின் கடைசிச் சரணங்கள் நேரமில்லை என்று விடப்பட்டன. இறந்தவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தச் சபையின் அங்கத்தினர். அவருடைய மகன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “அப்பாவுக்கு மணி அடிக்கக் கூடாதா?” அடிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அடிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இரண்டில் எது கொடுமை என்று எனக்குத் தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் மரியாள் வேடம் எந்த வீட்டுப் பிள்ளைக்குப் போகும் என்பது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரியும். அது ஏறக்குறைய பரம்பரைச் சொத்து. ஆட்டுக்குட்டி வேடத்துக்குத்தான் போட்டி. சிரிப்பாக இருக்கலாம். ஆனால் உண்மையான மரியாளும் யோசேப்பும் குழந்தையை எருசலேம் தேவாலயத்துக்குக் கொண்டுபோனபோது எதைப் பலியாகச் செலுத்த வந்தார்கள் என்று லூக்கா எழுதியிருப்பதைப் பாருங்கள்: ஒரு ஜோடு காட்டுப்புறா, அல்லது இரண்டு புறாக்குஞ்சுகள். ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதியில்லாதவர்களுக்கென்று லேவியராகமம் வகுத்த காணிக்கை அது. உங்கள் தீர்மானத்தின்படி அந்தக் குடும்பத்துக்கும் தூணுக்குப் பக்கத்தில்தான் இடம்.

ஒழுங்கு நடவடிக்கையைப் பற்றி விரிவாக எழுத மனம் வரவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரே மாதிரியான இரண்டு திருமணங்களில், ஒரு வீட்டாருக்குத் திருவிருந்து நிறுத்தப்பட்டது, இன்னொரு வீட்டாருக்கு வரவேற்பில் போதகர் ஜெபித்தார் என்பதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். ‘பட்சபாதத்தோடே ஒன்றும் செய்யாமலும்’ என்று பவுல் தீமோத்தேயுவுக்குக் கட்டளையிடுவது, குற்றஞ்செய்த மூப்பரை எப்படி விசாரிப்பது என்று பேசுகிற இடத்தில்தான்.

உங்கள் தரப்பு நியாயங்களைக் கேட்காமல் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கமிட்டி உறுப்பினர்கள் சிலர் பொறுமையாகவே விளக்கினார்கள். கொடுத்தவர்களுக்கு நன்றி காட்ட வேண்டாமா என்றார்கள். காட்டலாம், தாராளமாக. நன்றிக் கடிதம் அனுப்புங்கள், வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். ஆனால் ஒருவருக்குக் காட்டும் நன்றிக்கு இன்னொருவரின் இடத்தை எடுத்துக் கொடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. ‘எவனைக் கனம்பண்ணவேண்டியதோ அவனைக் கனம்பண்ணுங்கள்’ என்ற ரோமர் நிருபத்து வசனத்தை ஒருவர் எடுத்துக்காட்டினார். அந்தப் பகுதி அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய வரியையும் தீர்வையையும் பற்றியது. ஆலயத்தில் யார் எங்கே உட்காருவது என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் வசனம் இருக்கும்போது, வரி வசூல் பற்றிய வசனத்திடம் ஏன் போக வேண்டும்?

‘கொடுத்தவர்கள்’ என்று நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. மாதாமாதம் சிறு உறையில் போட்டுக் கொடுத்தவர்கள் கொடுக்கவில்லையா? கூலியை இழந்து வந்து கல்லும் மணலும் சுமந்தவர்கள் கொடுக்கவில்லையா? இயேசு காணிக்கைப்பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஐசுவரியவான்கள் அதிகமாகப் போட்டதையும் பார்த்தார். எல்லாரிலும் அதிகமாகப் போட்டவள் என்று அவர் சொன்னது இரண்டு காசு போட்ட விதவையை. மாற்கு சுவிசேஷத்தில் அந்தச் சம்பவத்துக்குச் சற்று முன்னால் இருப்பதையும் சேர்த்துப் படியுங்கள்: ஜெப ஆலயங்களில் முதன்மையான ஆசனங்களை விரும்பி, விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைக் குறித்து எச்சரிக்கையாயிருக்கச் சொல்கிறார். ஆசனமும் விதவையும் அடுத்தடுத்து வருகிறார்கள்.

இன்னொரு நியாயம், எல்லாப் பெரிய சபைகளிலும் இது உண்டு என்பது. உண்டு, முன்பும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல ஆலயங்களில் இருக்கைகள் வாடகைக்கு விடப்பட்டன. கொடுக்கும் தொகைக்கேற்ப இடம், சில இடங்களில் இருக்கைக்குச் சிறு கதவு. காசில்லாதவர்களுக்குப் பின்னாலோ நடைபாதையிலோ சில இலவச இருக்கைகள். வருமானம் போய்விடும் என்றுதான் அன்றும் வாதிட்டார்கள். 1860இல் அமெரிக்காவில் உருவான ஃப்ரீ மெதடிஸ்ட் சபை தன் பெயரிலுள்ள ‘ஃப்ரீ’ (விடுதலை) என்ற சொல்லுக்குச் சொன்ன காரணங்களில், இருக்கைகள் எல்லாருக்கும் இலவசம் என்பதும் ஒன்று. அந்த வாடகை முறை பின்னால் ஒழிந்தது. அதனால் ஆலயங்கள் மூடப்பட்டுவிடவில்லை.

அதற்கும் முன்பு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிலடெல்பியாவின் புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில், ஜெப நேரத்தில் முழங்காலில் நின்றுகொண்டிருந்த அப்சலோம் ஜோன்ஸ் என்ற கறுப்பின விசுவாசியை, அது அவருடைய இடமல்ல என்று நிர்வாகிகள் பிடித்துத் தூக்க முயன்றார்கள். ஜெபம் முடியும்வரை பொறுங்கள் என்றார் அவர். பொறுக்கவில்லை. ஜெபம் முடிந்ததும் அவரும் ரிச்சர்ட் ஆலனும் மற்ற கறுப்பின விசுவாசிகளும் எழுந்து ஒன்றாக வெளியேறினார்கள். அந்த ஆலயத்தின் மேல்மாடத்தைக் கட்டவும் தரை போடவும் பணம் கொடுத்தவர்களில் தாங்களும் உண்டு என்று ஆலன் பின்னால் எழுதியிருக்கிறார். அவர் தலைமையில் 1816இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சபை தனிச் சபையாக உருவானது. நாற்காலி விஷயம்தானே என்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

‘இப்போதைக்கு இப்படி இருக்கட்டும், சிலருடைய மனதையும் பார்க்க வேண்டியிருக்கிறது’ என்று போதகர் அவர்கள் என்னிடம் சொன்னது என் தூக்கத்தைக் கெடுத்தது. காரணம் 1857. அந்த ஆண்டு, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் டச்சு சீர்திருத்த சபையின் ஆலோசனைச் சங்கம் கூடியது. வெள்ளையர் அல்லாத விசுவாசிகளும் அதே சபையில் சேர்ந்து ஆராதிப்பதுதான் விரும்பத்தக்கது, வேதத்துக்கு ஏற்றது என்று தெளிவாகவே ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டுவிட்டு, ‘சிலருடைய பலவீனத்தினிமித்தம்’ அவர்களுக்குத் தனியிடத்தில் ஆராதனை நடத்தலாம் என்று அனுமதித்தார்கள். 1881இல் அது தனிச் சபையாகவே ஆனது. அடுத்த நூற்றாண்டில் இனவொதுக்கல் கொள்கைக்கு வேத விளக்கம் கொடுக்கிற அளவுக்கு அந்தப் பலவீனம் பலம் பெற்றது. அப்படி ஒதுக்கப்பட்ட சபைதான், 1986இல் பெல்ஹார் விசுவாச அறிக்கையை ஏற்று, இந்தப் பிரிவினை சுவிசேஷத்துக்கு விரோதமானது என்று சொல்ல வேண்டியிருந்தது. சிலர் மனதைப் பார்த்து வளைந்துகொடுத்தது எங்கே போய் நின்றது பாருங்கள். தமிழ்ச் சபைகளின் சரித்திரத்திலும் இதன் மறுபக்கம் இருக்கிறது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, முற்றிலும் ஒழிய வேண்டும் என்று எழுதினார். அதை ஏற்காமல் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே விலகினார்கள். சிலர் மனதைப் பார்த்து அவர் கடிதத்தைத் திரும்பப் பெறவில்லை.

இதெல்லாம் பிற்காலத்துப் புரட்சிக் கருத்து என்றும் யாரும் சொல்ல முடியாது. 3ஆம் நூற்றாண்டில் சிரியாப் பகுதியில் எழுதப்பட்ட ‘திடஸ்காலியா’ என்ற சபை ஒழுங்கு நூல், ஆராதனை நடக்கும்போது உலக அந்தஸ்துள்ள ஒருவர் உள்ளே வந்தால், பேராயர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு அவருக்கு இடம் தேடக் கூடாது என்கிறது. வருகிறவர் ஏழையாக, முதியவராக இருந்து, இடமும் இல்லாவிட்டால்? பேராயர் முழுமனதோடு தன் இடத்தைக் கொடுக்க வேண்டும், தான் தரையில் உட்கார நேர்ந்தாலும் சரி என்கிறது. கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் இந்தப் பகுதியை வாசிக்க அனுமதிப்பீர்களா?

பெயர் அட்டை வைக்கப்பட்ட குடும்பங்களையும் நான் குறைசொல்ல வரவில்லை. அவர்களில் ஒருவர், தாங்கள் இதைக் கேட்கவே இல்லை, இப்போது முன்னால் போய் உட்காரவே கூச்சமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னார். பணக்காரரைப் பின்வரிசைக்குத் தள்ளுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. சிறியவனுக்கு முகதாட்சிணியமும் வேண்டாம், பெரியவனுடைய முகத்துக்கு அஞ்சவும் வேண்டாம் என்று லேவியராகமம் இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்கிறது. முதலில் வந்தவர் முன்னால் உட்காரட்டும். காது கேளாதவர், கண் மங்கியவர், சக்கர நாற்காலியில் வருகிறவர், கைக்குழந்தையோடு வருகிற தாய், இவர்களுக்கு இடம் ஒதுக்குவது தேவையைப் பார்த்துச் செய்வது. நீங்கள் ஒதுக்கியது தேவையைப் பார்த்தல்ல.

இப்படிப் பேசுகிறவர்களை ‘முறுமுறுக்கிறவர்கள்’ என்று சென்ற வாரம் பிரசங்கத்தில் குறிப்பிட்டீர்கள். அதே சொல் அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் வருகிறது. அன்றாட விசாரணையில் தங்கள் விதவைகள் திட்டமாய் விசாரிக்கப்படவில்லை என்று கிரேக்கரானவர்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் அவர்களை அடக்கவில்லை; சபையைக் கூட்டி, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா ஆகிய ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறைசொன்னவர்கள் பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்துப் பந்தியையும் பொறுப்பையும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. முறுமுறுப்புக்கு அதுதான் மருந்தாக இருந்தது.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை. இருக்கை ஒதுக்கீட்டுத் தீர்மானத்தை முழுவதுமாக ரத்து செய்யுங்கள். நான்கு வரிசையை இரண்டாகக் குறைக்கும் சமரசம் வேண்டாம். அடுத்த திருவிருந்து ஞாயிறுக்கு முன்பாகப் பெயர் அட்டைகள் அகற்றப்பட வேண்டும். ரத்து செய்ததைப் பீடத்திலிருந்து போதகர் அவர்களே அறிவிக்க வேண்டும், காரணத்தோடு.

அந்த மூதாட்டியின் வீட்டுக்குப் போதகரும் செயலரும் நேரில் போய் வருத்தம் தெரிவிக்க வேண்டும். அவரை அலுவலகத்துக்கு அழைக்க வேண்டாம். புகைப்படம் எடுக்க வேண்டாம்.

அடக்க ஆராதனைக்கும் திருமணத்துக்கும் எல்லா அங்கத்தினருக்கும் பொதுவான ஒரே நடைமுறையை எழுதி வெளியிடுங்கள்: யார் நடத்துவார், மணி எப்போது அடிக்கும், பாடகர் குழு உண்டா, எவ்வளவு நேரம். ஒழுங்கு நடவடிக்கைகளுக்கும் அப்படியே. திருவிருந்து நிறுத்தப்பட்ட குடும்பத்தின் விஷயம் மறுவிசாரணைக்கு எடுக்கப்பட வேண்டும். ஞாயிறு பள்ளி நாடக வேடங்களைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தாலே போதும்.

நன்கொடையாளர் பெயரோடு தொகையை வாசிப்பதை நிறுத்துங்கள். கணக்கு முழுவதையும் ஆண்டறிக்கையில் காட்டுங்கள். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. சுவரில் பதிக்கத் தயாராகிக்கொண்டிருக்கும் பெயர்க் கல்வெட்டு வேலையையும் உடனே நிறுத்த வேண்டும்.

கடைசியாக, இவற்றை மேற்பார்வையிட ஏழு பேர் கொண்ட ஒரு குழு வேண்டும். அதில் இதுவரை கமிட்டியில் இடம்பெறாத குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் நால்வராவது இருக்க வேண்டும், பெண்களும் இருக்க வேண்டும், அவர்களைச் சபையார் தெரிந்தெடுக்க வேண்டும். இந்த மடலை வரும் சபைப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனியாக வாக்கெடுப்புக்கு விடுங்கள். வாக்கெடுப்பு இரகசியமாக நடக்கட்டும். முன்வரிசையில் யார் கை தூக்குகிறார் என்று பார்த்துவிட்டுப் பின்வரிசை கை தூக்கும் நிலை வேண்டாம். இதே கருத்துடைய அங்கத்தினர்களின் கையெழுத்துப் பட்டியலைச் செயலரிடம் தனியே ஒப்படைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சபையின் அங்கத்தினர், ஞாயிறு பள்ளி ஆசிரியர்